மொய் எழுதப் போன நாடுகள்

இத்தாலி மன்னர் முதலாம் உம்பெர்த்தோவுக்கும் அரசி மார்கெரீத்தாவுக்கும் 1893 ஏப்ரலில் கல்யாணமாகி 25 வருஷம் நிறைந்தது. வெனிஸ் நகரசபைக்குப் பெரிய தலைவலி: ராஜாவுக்கு என்ன மொய் எழுதுவது? வெள்ளிச் சாமான் அரண்மனையில் அறை அறையாகக் கிடக்கும். ரொக்கமாக எழுதலாம் என்றால் அது ஊரிடம் இல்லை. ஒரு காலத்தில் கடல் வாணிபத்தில் கொடிகட்டிப் பறந்த ஊர்தான். நெப்போலியன் வந்து அந்தக் குடியரசுக்குக் காரியம் செய்துவிட்டுப் போன பிறகு, இடிந்த மாளிகைகளையும் நிலா வெளிச்சத்தையும் பயணிகளுக்குக் காட்டிக் காலம் தள்ளிக்கொண்டிருந்தது.

மேயர் ரிக்கார்தோ செல்வாத்திகோ நாடகம் எழுதுகிறவர், கவிஞர். ஊர் நிர்வாகத்தைக் கவிஞரிடம் கொடுத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. புளோரியன் காப்பிக் கடையில் நண்பர்களோடு உட்கார்ந்து பேசிப் பேசி, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஓவியக் கண்காட்சி என்று முடிவு கட்டினார்கள். ராஜா பேரில் மொய், ஆனால் வந்து தங்கித் தின்னப்போகிற கூட்டத்தின் காசு ஊருக்கு. இதைவிடச் சிக்கனமான அன்பளிப்பு உலக வரலாற்றில் உண்டா என்று தெரியவில்லை. 1893 ஏப்ரல் 19 அன்று தீர்மானம் நிறைவேறியது. கண்காட்சி திறந்ததோ 1895 ஏப்ரல் 30. மொய்க் கவர் இரண்டு வருஷம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. ராஜாவும் ராணியும் கோபித்துக்கொள்ளாமல் நேரிலேயே வந்து திறந்துவைத்தார்கள். 2,24,000 பேர் வந்து பார்த்தார்கள். இவ்வளவு செய்த செல்வாத்திகோ அதே வருஷம் தேர்தலில் தோற்று வீட்டுக்குப் போனார்.

இப்படித்தான் வெனிஸ் பினாலே பிறந்தது. இன்றைக்கு உலகத்தின் எந்த நாட்டு ஓவியரைக் கேட்டாலும், தன் நாட்டின் சார்பில் அங்கே போய் நிற்பதுதான் பிறவிப் பயன் என்பார். அந்த ‘நாட்டின் சார்பில்’ என்கிற சங்கதியைத்தான் கொஞ்சம் கிளறிப் பார்க்கவேண்டியிருக்கிறது. போர்டில் ஒரு நாட்டின் பெயர் இருக்கும், உள்ளே வேறு யாரோ இருப்பார்கள். நூறு வருஷத்துக்கு மேலாக இதே கதைதான்.

முதல் வருஷமே வம்பு வந்தது. ஜாகொமோ குரோஸ்ஸோ என்கிற தூரின் ஓவியர் ‘உன்னத சந்திப்பு’ என்று ஒரு படம் அனுப்பியிருந்தார். தேவாலயம்; நடுவே சவப்பெட்டி; அதில் ஒரு மைனர் செத்துக் கிடக்கிறான்; சுற்றி ஐந்து பெண்கள், துக்கம் கேட்க வந்தவர்கள், உடம்பில் பொட்டுத் துணி இல்லை. வெனிஸின் பேராயர் ஜுசெப்பே சார்த்தோ அதைக் காட்டக் கூடாது என்று எழுதினார். நகரசபை நேராக மோதவில்லை. நாவலாசிரியர் அந்தோனியோ ஃபொகட்சாரோ தலைமையில் குழு போட்டது. குழு கூர்ந்து பார்த்தது. எவ்வளவு நேரம் கூர்ந்து பார்த்தது என்பதற்குக் குறிப்பு இல்லை. பொது ஒழுக்கத்துக்குப் பங்கம் எதுவும் இல்லை என்று கண்டுபிடித்துச் சொன்னது. ஆனாலும் ஒரு மரியாதைக்காகப் படத்தைத் தனி அறையில் மாட்டினார்கள்.

தனி அறையில் மாட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கண்காட்சி முடிவில் பார்வையாளர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த படம் அதுதான். பேராயர் சார்த்தோ 1903இல் போப் பத்தாம் பயஸ் ஆனார். படம் பின்னால் தீயில் எரிந்துபோனது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தம் இல்லை.

ஆரம்பத்தில் எல்லா நாட்டுப் படங்களும் ஒரே மாளிகையில் இருந்தன. இடம் போதவில்லை, செலவும் கட்டுப்படியாகவில்லை. செயலாளர் அந்தோனியோ ஃப்ரடெலெட்டோவின் காலத்தில் ஒரு வழி பிறந்தது. ஒவ்வொரு நாடும் ஜார்தினி தோட்டத்தில் தன் காசில் தனிக் கட்டடம் கட்டிக்கொள்ளட்டும், தன் காசில் நிரப்பட்டும், தன் காசில் கூரை ஒழுகலையும் அடைக்கட்டும். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! தோட்டமும் சும்மா வந்ததுதான். அங்கிருந்த கோயில்களையும் மடங்களையும் இடித்துவிட்டுப் பூங்கா போடச் சொன்னவர் நெப்போலியன்.

1907இல் பெல்ஜியம் முதலில் கட்டியது. 1909இல் மூன்று கட்டடங்கள் வந்தன. பிரிட்டன் புதிதாகக் கட்டவில்லை. பூங்காவிலிருந்த பழைய காப்பிக் கடையை எடுத்து மாற்றிக்கொண்டது. உலகத்தில் கால்வாசியை ஆண்டவர்கள் கலைக்காக ஒரு டீக்கடைக்கு மேல் செலவழிக்கவில்லை. இரண்டாவது ஹங்கேரி. அது அப்போது தனி நாடே இல்லை, ஆஸ்திரிய சாம்ராஜ்யத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த பாதி. பாதிக்குக் கட்டடம் வந்துவிட்டது. மீதிப் பாதியான ஆஸ்திரியா, சாம்ராஜ்யம் எல்லாம் கரைந்து முடிந்து 1934இல்தான் கட்டியது. மூன்றாவது ஜெர்மனி என்று நினைப்பீர்கள். இல்லை, பவேரியா. ஆக, நாடுகளின் தோட்டம் என்று பேர் வாங்கிய இடத்தில் ஆரம்பமே ஒரு காப்பிக் கடை, ஒரு பாதி, ஒரு மாநிலம். அது இன்றைக்கும் மாறவில்லை. செர்பியா காட்சி வைக்கிற கட்டடத்தின் நெற்றியில் ‘யூகோஸ்லாவியா’ என்றே எழுதியிருக்கிறது. நாட்டைக் கலைக்க முடிந்தவர்களால் எழுத்தைப் பெயர்க்க முடியவில்லை.

கலை விஷயத்தில் ஃப்ரடெலெட்டோ வெகு ஜாக்கிரதையான மனிதர். ஸ்பெயின் அறையில் பிக்காசோவின் படம் ஒன்று தொங்கியபோது, ஜனங்கள் பயந்துவிடுவார்கள் என்று கழற்றி எடுத்துவிட்டார்கள். பிக்காசோ அங்கே மறுபடி தலைகாட்ட 1948 வரை காத்திருக்கவேண்டி வந்தது. அதற்குள் உலகத்துக்கு அவரைப் பார்த்துப் பயந்து அலுத்தும் போயிருந்தது.

பழமையை வெறுத்த இத்தாலிய நவீனக் கலைக் கூட்டமான ஃபியூச்சரிஸ்ட்டுகள் வேறு ரகம். 1910இல் அவர்கள் தலைவர் மரினெத்தியும் கூட்டாளிகளும் சான் மார்க்கோ மணிக்கூண்டின் மேல் ஏறித் துண்டுப் பிரசுரங்களை அள்ளி வீசினார்கள். கோண்டோலாக்களைக் கொளுத்துங்கள், நாற்றமெடுக்கும் கால்வாய்களை இடிந்த மாளிகைகளைக் கொண்டே தூர்த்துவிடுங்கள் என்று அறைகூவல். ஊர் நிதானமாகக் காகிதத்தைக் கூட்டிப் பெருக்கிவிட்டு வேலையைப் பார்த்தது. 1926இல் பினாலேயே அவர்களைக் கூப்பிட்டு இடம் கொடுத்தது. எங்கே? அந்த வருஷம் ஆள் இல்லாமல் கிடந்த சோவியத் கட்டடத்தில். முசோலினியின் நண்பர்கள் லெனின் நாட்டு வீட்டில் படம் மாட்டினார்கள். வாடகைக்கு வீடு பார்க்கிறவன் வீட்டுக்காரரின் சித்தாந்தத்தையா பார்த்துக்கொண்டிருப்பான்?

1934இல் அமெரிக்கக் கட்டடத்தில் நடந்தது இன்னும் விசேஷம். நியூயார்க் விட்னி மியூசியத்தின் இயக்குநர் ஜூலியானா ஃபோர்ஸ் அம்மையார் அசல் அமெரிக்க ஓவியங்களாகப் பொறுக்கி அனுப்பியிருந்தார். பார்த்தால், அவற்றோடு நடிகை மேரியன் டேவிஸின் பெரிய உருவப்படம் ஒன்று சிரித்துக்கொண்டிருக்கிறது. வரைந்தவர் தாதே ஸ்டீகா, போலந்துக்காரர். படத்தை அங்கே சேர்ப்பித்த கை, பத்திரிகை முதலாளி வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்டின் செல்வாக்கு. மேரியன் அவருடைய சிநேகிதி. அம்மையார் குதித்தார், எடுக்கச் சொன்னார். பினாலே நிர்வாகம் காதில் வாங்கவில்லை. இத்தனை பத்திரிகைகளுக்குச் சொந்தக்காரர் ஒரு படம் மாட்டச் சொன்னால், ஆணி அடித்துக் கொடுப்பதுதான் அந்தக் காலத்து இத்தாலியில் கலைக் கொள்கை.

அதே வருஷம் ஜூனில் ஹிட்லர் வந்து முசோலினியைச் சந்தித்துவிட்டுப் பினாலேயையும் சுற்றிப் பார்த்தார். ஓவியக் கல்லூரி இரண்டு முறை சேர்க்க மறுத்த ஆள். அவர் ஆட்சியில் 1938இல் ஜெர்மன் கட்டடத்தை நாஜி ருசிக்குத் தக்கபடி உயரத் தூண்களோடு மாற்றினார்கள்.

போர் முடிந்து 1948இல் கதவு திறந்தபோது கிரீஸில் உள்நாட்டுச் சண்டை. அதன் கட்டடம் காலி. அமெரிக்கப் பணக்காரப் பெண்மணி பெக்கி குகன்ஹைமிடம் படங்கள் கொட்டிக் கிடந்தன. அவருக்கு இடம் கொடுத்தார்கள். அன்று ஜாக்சன் பொல்லாக்கை ஐரோப்பாவுக்கு அறிமுகம் செய்தது கிரேக்கப் போர்டு. நாடு இல்லாமல் தனி ஆளாகத் தேசங்களின் வரிசையில் உட்கார்ந்த பெருமை அந்த அம்மாவுக்குக் கிடைத்தது. பிடித்துப்போய் ஊரிலேயே பாதி கட்டிய மாளிகை ஒன்றை வாங்கிக் குடியேறிவிட்டார்.

இனி 1964. இதைக் கொஞ்சம் உட்கார்ந்துதான் சொல்லவேண்டும்.

போருக்குப் பிறகு வெளிநாட்டு ஓவியருக்கான பெரும் பரிசு அநேகமாகப் பாரிஸ் விலாசத்துக்கே போய்க்கொண்டிருந்தது. 1948இல் பிராக், 1950இல் மத்தீஸ், 1952இல் தூஃபி, 1954இல் மாக்ஸ் எர்ன்ஸ்ட், 1956இல் வில்லோன், 1962இல் மனேசியே. நடுவில் 1958இல் மார்க் டோபி என்கிற சாதுவான அமெரிக்கர் வாங்கினார். பாரிஸ் அதை ஒரு விபத்தாக எடுத்துக்கொண்டு மன்னித்துவிட்டது. பரிசு என்றால் பிரான்சுக்கு, வேண்டுமானால் சும்மா வந்து பார்த்துவிட்டுப் போகலாம் மற்றவர்கள் என்பது நடைமுறை.

அமெரிக்கா அதுவரை இந்த விஷயத்தில் அரசாங்கக் காசைப் போட்டதில்லை. அவர்களுடைய கட்டடமே தனியார் சொத்து. 1930இல் ஒரு காலரி கட்டியது, 1954இல் நியூயார்க் நவீனக் கலை மியூசியம் வாங்கியது. பனிப்போர் முற்றியதும் வாஷிங்டனுக்கு ஞானம் பிறந்தது. அமெரிக்கச் செய்தி நிறுவனம் பொறுப்பை எடுத்துக்கொண்டது. வெளிநாடுகளில் அமெரிக்காவின் பெயரை வளர்ப்பதற்கென்றே உண்டான அரசு இலாகா அது. கமிஷனராக ஆலன் சாலமன் என்கிற அறிஞரை நியமித்தார்கள். ராணுவ விமானத்தில் படங்களை ஏற்றினார்கள். விமானத்துக்குள்ளே ராபர்ட் ராஷன்பெர்க், ஜாஸ்பர் ஜான்ஸ், கிளேஸ் ஓல்டன்பர்க் வகையறாக்களின் கைவரிசை. ராஷன்பெர்க் யாரென்றால், தன் சொந்தப் படுக்கையின் மேல் பெயிண்டை ஊற்றிச் சுவரில் மாட்டியவர். பாடம் செய்த ஆட்டின் இடுப்பில் கார் டயரை மாட்டி அதைக் கலை என்றவர். சோவியத் யூனியன் ஏவுகணை இறக்கினால்கூட ஐரோப்பியர்கள் அவ்வளவு அலறியிருக்கமாட்டார்கள்.

சாலமனுக்கு நாசூக்கு என்பது வராது. உலகக் கலையின் தலைநகரம் பாரிஸிலிருந்து நியூயார்க்குக்கு மாறிவிட்டது என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். பரிசு கேட்டுப் போகிற வீட்டில் நடுவர்களின் முகத்துக்கு நேரே சொல்கிற வார்த்தையா இது? ஆனால் அவருக்குப் பக்கபலம் லியோ காஸ்தெல்லி. ராஷன்பெர்க்கின் நியூயார்க் வியாபாரி. பிறந்தது வெனிஸுக்குப் பக்கத்து திரியெஸ்தேயில், இத்தாலியன் சரளமாக வரும், யாரை எந்தக் காப்பிக் கடையில் பிடிக்கவேண்டும் என்பதும் தெரியும். இன்னொரு பக்கம் இலியானா சொன்னபெண்ட், பாரிஸில் காலரி நடத்துகிறவர், காஸ்தெல்லியின் முன்னாள் மனைவி. இரண்டு பேருக்கும் விவாகரத்தில் முறிந்தது கல்யாணம் மட்டும்தான். ராஷன்பெர்க் விஷயத்தில் ஒருமித்த தம்பதி.

ஒரு சிக்கல் வந்தது. கொண்டுவந்த படங்களுக்கு ஜார்தினியில் இருந்த சின்னக் கட்டடம் போதவில்லை. அங்கே மோரிஸ் லூயிஸையும் கென்னத் நோலாண்டையும் வைத்துவிட்டு, மற்றவர்களைக் கால்வாய் தாண்டி, மூடிக்கிடந்த பழைய அமெரிக்கத் துணைத் தூதரக அலுவலகத்தில் மாட்டினார்கள். இது செல்லும் என்று பினாலேக்காரர்கள் உறுதி கொடுத்ததாகச் சாலமன் நினைத்துக்கொண்டிருந்தார். நடுவர் குழு கூடியது. ராஷன்பெர்க்குக்குக் கொடுக்கலாம் என்று பேச்சு வந்ததும் யாரோ விதிப் புத்தகத்தைத் திறந்தார்கள். பரிசுக்குரிய படம் ஜார்தினிக்குள் இருக்கவேண்டும். தூதரகத்துச் சுவர் கணக்கில் வராது.

சாலமன் எல்லாப் படங்களையும் திரும்ப எடுத்துப் போய்விடுவேன் என்று மிரட்டினார். கடைசியில், கடைசி நேரத்தில், ராஷன்பெர்க்கின் ஓவியங்கள் சிலவற்றைச் சரக்குப் படகில் ஏற்றிக் கால்வாய் வழியே ஜார்தினிக்கு ஓட்டினார்கள். ஆள் உயரத்துக்கு மேலான நவீன ஓவியம் படகில் நின்றுகொண்டு வெனிஸைச் சுற்றிப் பார்க்கிற காட்சியை ஊகோ முலாஸ் படம் எடுத்திருக்கிறார். அமெரிக்கக் கட்டடத்தின் முற்றத்தில் மேலே பிளாஸ்டிக் கூரை போட்டு மாட்டினார்கள். உலக வல்லரசின் கலாசார வெற்றி, கல்யாண வீட்டுக் கொல்லைப்புறத்தில் சமையலுக்குப் போடுகிற பந்தலுக்கடியில் நிறைவேறியது. பரிசு ராஷன்பெர்க்குக்கு, 20 லட்சம் லிரா. எண்ணைக் கேட்டு மயங்கவேண்டாம், அன்றைய கணக்கில் மூவாயிரத்துச் சொச்சம் டாலர்.

இந்தக் கலாட்டாவில் மாப்பிள்ளை எங்கே? அவர் மெர்ஸ் கன்னிங்ஹாம் நடனக் குழுவுக்கு விளக்குப் போட்டுக்கொண்டிருந்தார். நிஜமாகத்தான். குழுவின் மேடை, உடை, ஒளி எல்லாம் அவர் பொறுப்பு. உலகச் சுற்றுப்பயணத்தில் அந்த வாரம் வெனிஸின் லா ஃபெனீச்சே அரங்கில் நிகழ்ச்சி. பரிசு வந்ததும் பத்திரிகைக்காரர்கள் மொய்த்தார்கள். அவரோ இந்த நடனக் குழுதான் தன் மிகப் பெரிய கேன்வாஸ் என்கிற அர்த்தத்தில் ஏதோ சொல்லிவைத்தார். ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு, தாங்கள் வேறொருவரின் கித்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. கன்னிங்ஹாமுக்கும் இசையமைப்பாளர் ஜான் கேஜுக்கும் அது இனிக்கவில்லை. அதே பயணத்தில் அந்த அக்டோபரில் குழு இந்தியாவுக்கு வந்து அகமதாபாத்திலும் டில்லியிலும் ஆடியது. ஜப்பானோடு ராஷன்பெர்க் கழன்றுகொண்டார்.

பாரிஸ் பத்திரிகைகளில் ஒப்பாரி. ஐரோப்பாவை அமெரிக்கா காலனி ஆக்கிவிட்டது என்கிற அளவுக்குப் புலம்பல். ஆப்பிரிக்காவிலும் இந்தோசீனாவிலும் பிரான்சு செய்ததை எண்ணிப் பார்த்தால், காலனி என்கிற வார்த்தையை அவர்கள் இவ்வளவு தாராளமாகப் புழங்கியது வேடிக்கைதான். வெனிஸின் பேராயர் இந்தக் கண்காட்சிப் பக்கம் குருமார்கள் போகக் கூடாது என்று தடை போட்டார். முதல் பினாலேயில் சார்த்தோ ஆரம்பித்த வேலை பாக்கி இருந்ததல்லவா. ராஷன்பெர்க் செய்த காரியம்தான் எனக்குப் பிடித்தது. அவர் நியூயார்க்குக்கு போன் போட்டு, ஸ்டூடியோவில் இருக்கும் சில்க்-ஸ்கிரீன் அச்சுகளை எல்லாம் அழித்துவிடச் சொன்னார். பரிசு வாங்கிய பாணியிலேயே இன்னும் இருபது வருஷம் படம் போட்டுக் காசு பார்க்கலாம் என்கிற சபலத்தை அடியோடு வெட்டிவிட்டார். சண்டை போட்ட இரண்டு வல்லரசுகளுக்கும் இல்லாத நிதானம்.

அடுத்த சில பினாலேக்களில் நாட்டுப் பெருமைக்குச் சோதனைக் காலம். 1968இல் மாணவர் போராட்டம். தோட்டத்தில் போலீஸ் வந்து நிற்க, ஓவியர்கள் தங்கள் படங்களைச் சுவரைப் பார்த்துத் திருப்பி மாட்டினார்கள். பெரும் பரிசுகளை ஒழித்தார்கள். 1986இல்தான் அவை ‘தங்கச் சிங்கம்’ என்று திரும்பி வந்தன. 1970இல் வியட்நாம் போரைக் கண்டித்து அமெரிக்க ஓவியர்கள் பலர் விலகிவிட, போன எட் ருஷே ஓர் அறைச் சுவர் முழுக்க 360 காகிதங்களில் சாக்லெட்டால் அச்சடித்து ஒட்டினார். வெயிலில் வாசனை கிளம்பியது. பார்வையாளர்கள் சாக்லெட்டில் விரலால் போர் எதிர்ப்பு வாசகங்களைக் கீறினார்கள். வெனிஸ் எறும்புகள் அரசியலுக்குள் போகாமல் நேராகச் சாப்பிட ஆரம்பித்தன. 1978இல் இஸ்ரேல் கட்டடத்தில் மெனாஷே கதிஷ்மான் முதுகில் நீலச் சாயம் பூசிய ஆட்டு மந்தையை விட்டார். அதே பினாலேயில் இத்தாலியர் அந்தோனியோ பராதிஸோ ஒரு நிஜக் காளையைக் கொண்டுவந்து இயந்திரப் பசுவோடு சேரவிட்டார். எந்த நாட்டின் எந்த அபிலாஷையைக் காளை பிரதிநிதித்துவம் செய்தது என்று கேட்கக் கூடாது. தன் கடமையை அலுத்துக்கொள்ளாமல் செய்த ஒரே பிரதிநிதி அதுதான்.

1993இல் ஜெர்மனி ஒரு நல்ல காரியம் செய்தது. அதன் பிரதிநிதியான கலைஞர் ஹான்ஸ் ஹாக்கே உள்ளே நுழைந்து, நாஜிகள் போட்ட பளிங்குத் தரையைத் துண்டு துண்டாக உடைத்துப் போட்டார். வாசலில் 1934இல் ஹிட்லர் பினாலேக்கு வந்த புகைப்படம். உடைந்த கல்லின் மேல் தட்டுத் தடுமாறி நடந்துதான் ஜெர்மனியைப் பார்க்கவேண்டும். தங்கச் சிங்கம் ஜெர்மனிக்குக் கிடைத்தது. அதில் பாதி இன்னொரு ஜெர்மன் பிரதிநிதிக்கு. அவர் பெயர் நாம் ஜூன் பைக், சியோலில் பிறந்தவர். அவரே முன்னின்று பாடுபட்டதில் 1995இல் கொரியாவுக்கு அந்தத் தோட்டத்தில் கட்டடம் வந்தது.

சரி, இந்தியா? கேட்பீர்கள் என்று தெரியும்.

பம்பாயில் பிறந்த அனிஷ் கபூர் 1990இல் வெனிஸில் அசத்தினார், பரிசும் வாங்கினார். பிரிட்டனின் சார்பில், அந்தப் பழைய காப்பிக் கடையில். 1999இல் இத்தாலியக் குறும்பர் மௌரீத்சியோ கத்தலான் ஓர் இந்திய ஃபக்கீரை வரவழைத்து மண்ணுக்குள் புதைத்தார். வெளியே தெரிந்தவை கூப்பிய இரண்டு கைகள் மட்டும். கத்தலானிடம் இதைவிட மேலாகவும் எதிர்பார்க்க முடியாது. 1993இல் தனக்கு ஒதுக்கிய இடத்தை விளம்பரக் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டு, அங்கே சென்ட் விளம்பரம் தொங்கவிட்ட ஆசாமி. அரசாங்கமோ அகாடமியோ அனுப்பாத அந்த இரண்டு கைகள்தான் அன்றைக்கு வெனிஸில் மிகவும் இந்தியத்தனமாக இருந்த பொருள். எல்லோருக்கும் வணக்கம் வேறு சொல்லிக்கொண்டிருந்தன.

முறைப்படி நம் அரசின் பெவிலியன் என்று ஒன்று போனது 2011இல். பினாலே பிறந்து 116 வருஷம் கழித்து. ராஜாவின் மொய்யே இரண்டு வருஷம்தான் தாமதம். லலித் கலா அகாடமி ஏற்பாடு. கியூரேட்டர் மும்பைக் கவிஞர் ரஞ்சித் ஹோஸ்கோட்டே. தலைப்பு: ‘எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள், வெடிக்கத்தான் போகிறது’. ஹோஸ்கோட்டே விவரமானவர். நாட்டுக் கொடியைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போகாமல், எந்த நாட்டுச் சட்டத்துக்குள்ளும் முழுசாக அடங்காதவர்களாகப் பார்த்துப் பிடித்தார். அலிகாரில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த ஸரீனா ஹாஷ்மி. ஆம்ஸ்டர்டாமுக்கும் கொல்கத்தாவுக்கும் நடுவில் அலைகிற பிரணீத் சோய். குவாஹாட்டியின் டிசையர் மெஷின் கலெக்டிவ். டில்லியில் குடியேறிய மலையாளி ஜிஜி ஸ்காரியா. ஸ்காரியா ஒரு லிஃப்ட் வைத்தார். உள்ளே ஏறினால் மூன்று பக்கமும் வீடியோவில் டில்லி மாடி மாடியாக நகரும், லிஃப்ட் இருந்த இடத்தை விட்டு அசையாது. இந்திய முன்னேற்றத்தை அரசு செலவில் இவ்வளவு துல்லியமாகச் சொன்னது அதற்கு முன்போ பின்போ கிடையாது.

அது நன்றாகவே போனது. ஆகவே 2013இல் யாரும் போகவில்லை.

அந்த வருஷம்தான் ஜெர்மனியும் பிரான்சும் நட்பைக் கொண்டாடக் கட்டடங்களை மாற்றிக்கொண்டன. பிரான்சின் சார்பில் ஜெர்மன் வீட்டில் காட்சி வைத்தவர் அன்ரி சாலா, அல்பேனியாவில் பிறந்தவர். ஜெர்மனியின் சார்பில் பிரெஞ்சு வீட்டில் நான்கு பேர்: சீனாவின் ஐ வெய்வெய், தென்னாப்பிரிக்காவின் சாந்து மொஃபொகெங், ஜெர்மனியிலேயே பிறந்த ரொமுவால்ட் கர்மாகர், நம் தயாநிதா சிங். ஐ வெய்வெய் 886 முக்காலிகளை அனுப்பினார். பாஸ்போர்ட்டைச் சீன அரசு பிடுங்கி வைத்திருந்ததால் அவரை அனுப்ப முடியவில்லை. ஆக, 2013இல் இந்தியா எங்கே என்று தேடிப் போனவர் பிரெஞ்சுக் கட்டடத்தில் ஜெர்மன் போர்டுக்குப் பின்னால் அதைக் கண்டுபிடித்திருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் கொடுமுடி கென்யா. 2013இல் முதன்முதலாகக் கென்யா பெவிலியன் திறந்தது. உள்ளே போனால் பெரும்பாலும் சீன ஓவியர்கள். 2015இலும் அதே பாணியில், பெரும்பாலும் ஓர் இத்தாலியரும் சீனர்களுமாகப் பட்டியல் வந்தபோது நைரோபி ஓவியர்கள் கொதித்தார்கள். கடைசியில் கென்ய அமைச்சரே இது எங்கள் பெவிலியன் இல்லை என்று கைகழுவினார். இதற்கு நேர் எதிரான ஆள் ஸ்பெயினின் சாந்தியாகோ சியெர்ரா. 2003இல் ஸ்பெயின் கட்டடத்தின் முன்வாசலைச் செங்கல் வைத்து அடைத்து, பெயரையும் கறுப்புப் பிளாஸ்டிக்கால் மூடினார். பின்வாசலில் காவலர்கள், ஸ்பெயின் பாஸ்போர்ட் இருந்தால் மட்டும் அனுமதி. அனுமதி கிடைத்து உள்ளே போன பாக்கியசாலிகளுக்கு அங்கே கிடைத்தது போன கண்காட்சியின் குப்பை. தேசம் என்றால் என்ன என்பதைப் பற்றி அந்தத் தோட்டத்தில் யாரும் இதைவிட நேர்மையாகப் பேசியதில்லை என்பது என் கட்சி.

2015இல் தனியார் அறக்கட்டளை ஒன்று இந்தியாவின் ஷில்பா குப்தாவையும் பாகிஸ்தானின் ரஷீத் ராணாவையும் ஒரே மாளிகையில் அடுத்தடுத்து வைத்தது. இரண்டு அரசுகளுக்கும் அதில் பங்கில்லை; அதனால்தான் நடந்தது.

2019இல் காந்திக்கு 150 வயது என்பதால் இந்திய அரசு மறுபடி போனது. கியூரேட்டர் ரூபினா கரோடே. நந்தலால் போஸ் ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டுக்காக வரைந்த சுவரொட்டிகள் வந்தன, ஜி. ஆர். இரண்ணா மரப் பாதுகைகளால் சுவரையே நிரப்பினார். ஜிதீஷ் கல்லாட் ஓர் இருட்டறையில் பனிப்புகைத் திரை போட்டு, அதில் ஒரு கடிதத்தை ஓடவிட்டார். 1939இல் போர் வேண்டாம் என்று காந்தி ஹிட்லருக்கு எழுதிய கடிதம். பிரிட்டிஷ் அரசு அதைப் போய்ச் சேரவிடவில்லை. 80 வருஷம் கழித்து, இந்திய அரசின் செலவில், ஹிட்லர் ஆட்சி தூண் நட்ட கட்டடத்துக்கு நடந்து போகிற தூரம் வரை அது வந்துவிட்டது. தபால் இலாகாவின் தாமதங்களை வைத்துப் பார்த்தால் இது ஒன்றும் பெரிசில்லை. விலாசதாரர்தான் இல்லை. காந்தி கடிதம் கொடுத்த தெம்பில் நம் அரசு 2022இலும் 2024இலும் ஓய்வு எடுத்துக்கொண்டது.

2022இல் உக்ரைன் மேல் ரஷ்யா படையெடுத்த சில நாளிலேயே ரஷ்யாவின் இரண்டு ஓவியர்களும் அவர்களுடைய லித்துவேனியக் கியூரேட்டரும் விலகிவிட்டார்கள். கட்டடம் பூட்டிக் கிடந்தது. ஃபியூச்சரிஸ்ட்டுகளுக்கு இரவல் போன அதே கட்டடம்தான். 2024இல் ரஷ்யா அதைப் பொலிவியாவுக்குக் கொடுத்தது. பொலிவியா தன் ஓவியர்களோடு அக்கம்பக்கத்து லத்தீன் அமெரிக்க நாட்டுக்காரர்களையும் அழைத்துவந்து குடியேற்றியது. சில மாதங்களுக்கு முன்தான் ரஷ்யக் கம்பெனி ஒன்று பொலிவியாவில் லித்தியம் எடுக்க ஒப்பந்தம் போட்டிருந்தது. பத்திரிகைக்காரர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்த்தார்கள். வீடு சும்மா கிடந்தது, நண்பருக்குக் கொடுத்தோம், அவ்வளவுதான்.